முதல் கட்டத்தில் எந்தப் பள்ளிக்கூடம்?

அது அக்டோபர் மாதக் கடைசி வாரம். கிழக்கு லண்டனில் நாங்கள் தொழும் பள்ளிவாசலில் இஷாத் தொழுகை முடிந்து காலணி அடுக்கின் அருகே நின்றிருந்தேன். காயல்பட்டினத்துச் சகோதரர் ஒருவர் என் கையைப் பற்றி ஓரமாக அழைத்துச் சென்றார்.

“காக்கா, இந்த ஃபாரம் விஷயம் ஒங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க. மக அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்கூடம் போறா. ஆறு பேரு எழுதணுமாம். அவளுக்குப் பிடிச்சத மொதல்ல எழுதவா, இல்ல கெடைக்கிறத மொதல்ல எழுதவா?”

பிடித்ததையே முதலில் எழுதுங்கள் என்றேன். அவர் முகம் தெளியவில்லை. “ரெண்டாவதா எழுதுன பள்ளிக்கூடத்துக்காரன், நம்மள ரெண்டாவதாத்தானே நெனச்சிருக்கான்னு தள்ளிட்டா? எங்க மச்சான் அவர் மவனுக்கு எழுதும்போது, கெடைக்கிறதத்தான் மொதல்ல எழுதணும்னு சொல்லித்தான் எழுத வெச்சாங்களாம்.”

அவருடைய மச்சான் பொய் சொல்லவில்லை. அவர் காலத்தில், அதாவது ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்தின் பல பகுதிகளில் அந்த அறிவுரை சரியானதாகவே இருந்தது. இன்று அது தவறு. விதி மாறிவிட்டது, பழைய விதி விதைத்த அச்சம் மட்டும் குடும்பம் குடும்பமாகக் கைமாறி வருகிறது. அந்த விதி எப்படி வந்தது, ஏன் போனது என்பதை ஓரளவு விரிவாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். (நம் வழக்கில் ‘பள்ளி’ என்றால் தொழுமிடமே முதலில் நினைவுக்கு வரும் என்பதால், கல்விக்கூடத்தை இங்கு ‘பள்ளிக்கூடம்’ என்றே எழுதுகிறேன்.)

பெற்றோரின் விருப்பம் என்ற சொல் இங்கிலாந்தின் கல்விச் சட்டத்தில் தெளிவாக இடம்பெற்றது 1944ஆம் ஆண்டில். அவ்வாண்டின் கல்விச் சட்டத்தினுடைய 76ஆம் பிரிவு, பிள்ளைகளுக்கு அவர்தம் பெற்றோரின் விருப்பப்படி கல்வி அளிக்கப்பட வேண்டும் என்ற பொதுநெறியைக் கூறியது. ஆனால் அதனோடு இரண்டு நிபந்தனைகளையும் பிணைத்தது. அந்த விருப்பம் முறையான கற்பித்தலுக்கு ஊறு விளைவிக்கக் கூடாது, அரசுக்கு நியாயமற்ற செலவையும் வைக்கக் கூடாது. இவ்விரண்டுக்கும் இடையில் பெற்றோரின் குரல் பெரும்பாலும் நசுங்கிப் போயிற்று. பதினொரு வயதில் எழுதும் தேர்வு பிள்ளையின் பாதையைத் தீர்மானித்தது. எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கூடத்துக்கு உரியது என்று கல்வி அலுவலர் வரைபடத்தில் கோடு கிழித்தார். விருப்பம் கேட்கப்படும் என்றே பலருக்குத் தெரியாது.

குடியேறிகளுக்கோ நிலைமை இன்னும் மோசம். 1963இல் மேற்கு லண்டனின் சவுத்தாலில், தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இந்தியப் பிள்ளைகள் பெருகிவிட்டதாக வெள்ளையினப் பெற்றோர் முறையிட்டனர். அன்றைய கல்வி அமைச்சர் எட்வர்டு பாயில் நேரில் சென்று அவர்களைச் சந்தித்தார். 1965இல் கல்வித் துறை வெளியிட்ட சுற்றறிக்கை, எந்தப் பள்ளிக்கூடத்திலும் குடியேறிகளின் பிள்ளைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்றும், மிகுந்தால் அவர்களை வேறிடங்களுக்குப் பிரித்து அனுப்பலாம் என்றும் அறிவுறுத்தியது. சவுத்தாலிலும், பாகிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த பிராட்ஃபோர்டிலும் சின்னஞ்சிறு பிள்ளைகள் காலையில் பேருந்துகளில் ஏற்றப்பட்டுத் தொலைவிலிருந்த பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டனர். எதிர்த்திசையில் எந்த வெள்ளையினப் பிள்ளையும் அனுப்பப்படவில்லை. தம் வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்தை விட்டு ஏன் தொலைவுக்குப் போக வேண்டும் என்று அந்தத் தாய்மாரை யாரும் கேட்கவுமில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லவுமில்லை. பர்மிங்ஹாமும் உள் லண்டன் கல்வி ஆணையமும் இம்முறையை ஏற்க மறுத்தன என்பதையும் நீதியாகக் குறிப்பிட வேண்டும். 1980 வாக்கில்தான் இந்தப் பேருந்துகள் நின்றன.

அதே 1980இல் தாட்சர் அம்மையாரின் அரசு புதிய கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெற்றோர் தம் விருப்பத்தைத் தெரிவிக்க உள்ளாட்சி மன்றம் வழிசெய்ய வேண்டும், தெரிவித்த விருப்பத்தை நிறைவேற்ற வேண்டும், நிறைவேற்ற மறுத்தால் மேல்முறையீட்டுக் குழுவிடம் முறையிடப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று அச்சட்டம் கூறியது. அரசியல் மேடைகளில் இது ‘பெற்றோரின் தெரிவு’ என்று முழங்கப்பட்டது. சட்டத்தின் ஏட்டிலோ ‘தெரிவு’ என்ற சொல் இல்லை, ‘விருப்பம்’ என்ற சொல்லே உண்டு. கடையில் துணியைத் தெரிந்தெடுப்பவர் காசைக் கொடுத்துத் துணியோடு வெளியே வருகிறார். விருப்பம் தெரிவிப்பவர் காத்திருக்கிறார். இந்த ஒரு சொல்லின் வேறுபாட்டை உணராமல் ஏமாந்தவர்கள் இன்றளவும் பலர்.

விண்ணப்பங்கள் இடங்களைவிடக் குறைவாக இருக்கும்வரை சிக்கல் ஏதுமில்லை. நூறு இடங்களுக்கு நூற்றைம்பது பேர் வந்தால் ஐம்பது பேருடைய விருப்பம் தோற்றே ஆக வேண்டும். யாருடையது தோற்க வேண்டும் என்ற கேள்வியை 1980ஆம் ஆண்டுச் சட்டம் விடையின்றி விட்டிருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளின் வரலாறு, நீதிமன்றங்கள் அந்த விடையைத் துண்டு துண்டாக எழுதிய வரலாறாகும்.

1988ஆம் ஆண்டுச் சட்டம், இடமிருக்கும் வரை எந்தப் பள்ளிக்கூடமும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பலாகாது என்றது. 1989இல் கிரீனிச் மன்றத்தின் வழக்கில், தன் எல்லைக்குள் குடியிருப்பவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மன்றம் தன் மக்களுக்கு முன்னுரிமை தரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. எல்லைக்கு அப்பாலுள்ள லூயிஷம் பகுதிப் பிள்ளைகளை விலக்கப் போய் எழுந்த வழக்கு அது. 1997இல் ராதரம் மன்றத்தின் வழக்கில், விருப்பமே தெரிவிக்காதவருக்கு அவர் தெருவைப் பார்த்து இடத்தை ஒதுக்கிவைத்து, விருப்பம் தெரிவித்தவரைக் காக்கவைப்பது சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. கேட்டவருக்கே முதலில், கேளாதவருக்குப் பின்னர் என்பது அதன் சாரம்.

இவ்விரண்டுக்கும் இடையே, 1992இல், நம் சமுதாயத்தை நேரடியாகத் தொட்ட வழக்கு ஒன்று பிரபுக்கள் அவைவரை சென்றது. டவர் ஹாம்லெட்ஸ் பகுதியிலிருந்த பிஷப் சாலனர் பள்ளிக்கூடம் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிக்கூடம். அதில் இடம் கேட்டு மறுக்கப்பட்ட இருவரில் ஒருவர் முஸ்லிம் மாணவி, மற்றவர் இந்து மாணவி. விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சியதால் கத்தோலிக்கருக்கும், அடுத்துப் பிற கிறித்தவருக்கும் இடம் கொடுத்தோம் என்றது நிர்வாகம். சட்டம் எங்கள் விருப்பத்தை நிறைவேற்றச் சொல்கிறதே, மதத்தைக் கேட்கச் சொல்லவில்லையே என்றனர் பெற்றோர். எல்லோருடைய விருப்பத்தையும் நிறைவேற்ற இயலாதபோது சிலருடையது தோற்கத்தான் செய்யும், யாரை முதலில் சேர்ப்பது என்பதற்குப் பள்ளிக்கூடம் நியாயமான அளவுகோலை வகுத்துக்கொள்ளலாம், மதம் அத்தகைய அளவுகோலாக இருக்கலாம் என்பது தீர்ப்பு.

கூட்டுக் கல்வி முறை பரவியதில் பெண்கள் மட்டும் பயிலும் பள்ளிக்கூடங்கள் அருகி வந்த காலம் அது. அத்தகைய பள்ளிக்கூடத்தைத் தேடிய முஸ்லிம் பெற்றோருக்குத் தேவாலயங்களின் நிர்வாகத்தில் இருந்தவை எஞ்சிய சில வழிகளுள் ஒன்றாக இருந்தன. அந்தக் கதவிலும் இப்போது பூட்டு விழுந்ததாகப் பலர் வருந்தினர். வருத்தம் இயல்பானதே. ஆனால் இந்தத் தீர்ப்பை நம் மீது விழுந்த அநீதியாக மட்டும் சொல்லிப் போவது எனக்கு உடன்பாடில்லை. 1983இல் பிரெண்டில் தொடங்கப்பட்ட இஸ்லாமியா தொடக்கப் பள்ளிக்கூடம் அரசு நிதி கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தது. இறுதியில் 1998இல் அதற்கும் பர்மிங்ஹாமின் அல்-ஃபுர்கான் பள்ளிக்கூடத்துக்கும் அரசின் ஏற்பு கிடைத்தது. கத்தோலிக்கருக்கும் ஆங்கிலிக்கருக்கும் தலைமுறைகளாக இருந்துவந்த உரிமை அன்றுதான் முதன்முதலாக முஸ்லிம்களுக்கும் கிட்டியது. இடம் போதாதபோது அப்பள்ளிக்கூடங்கள் முஸ்லிம் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தர முடிகிறது என்றால், 1992இல் ஒரு முஸ்லிம் மாணவியை வெளியே நிறுத்திய அதே சட்டநெறிதான் அதற்கும் துணை நிற்கிறது. தராசின் இரு தட்டுகளையும் பார்த்தே எடை சொல்ல வேண்டும்.

இனி மச்சானின் அறிவுரைக்கு வருவோம்.

அக்காலத்தில் பல மன்றங்களும், தம் சேர்க்கையைத் தாமே நடத்திக்கொண்ட பல பள்ளிக்கூடங்களும் ஒரு முறையைக் கையாண்டன. ‘முதல் விருப்பத்துக்கே முதலிடம்’ என்று அதைச் சொல்லலாம். ஒரு பள்ளிக்கூடம் தன்னை முதலாவதாக எழுதியவர்களையெல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும். இடம் மிஞ்சினால் மட்டுமே தன்னை இரண்டாவதாக எழுதியவர்களைத் திரும்பிப் பார்க்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட நியாயம் எது என்று தோன்றும். மிகவும் விரும்பியவனுக்குத்தானே முதலில் கொடுக்க வேண்டும்!

மர்யம் என்று ஒரு பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் கீழத்தெருப் பள்ளிக்கூடம். அவள் ஆசைப்படுவது சற்றுத் தொலைவிலுள்ள மேடைத்தெருப் பள்ளிக்கூடம், அதற்குப் போட்டி மிகுதி. அவள் தந்தை உள்ளதை உள்ளபடி எழுதுகிறார், மேடைத்தெரு முதலாவது, கீழத்தெரு இரண்டாவது. மேடைத்தெருவில் இடம் கிடைக்கவில்லை. சரி, கீழத்தெருவாவது கிடைக்கும் என்று பார்த்தால், அங்கே அதை முதலாவதாக எழுதியவர்களைக் கொண்டே இடமெல்லாம் நிரம்பிவிட்டது. அவர்களில் சிலர் மூன்று மைல் அப்பாலிருந்து வருபவர்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் மர்யமுக்கு அங்கே இடமில்லை. யாரும் கேட்காத, ஊரின் மறுகோடியில் காலியிடங்களோடு இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அவள் போகிறாள். அவள் தந்தை செய்த ஒரே பிழை உண்மையை எழுதியது.

அடுத்த வீட்டுக்காரர் விவரமானவர். மேடைத்தெரு கிடைக்காது என்று முன்பே கணக்குப் போட்டு, ஆசையை மறைத்துக் கீழத்தெருவையே முதலாவதாக எழுதுகிறார். அவர் பிள்ளைக்கு இடம் கிடைக்கிறது. ஆண்டு முடிவில் மன்றம் பெருமையோடு அறிக்கை வெளியிடுகிறது, இத்தனை விழுக்காட்டுப் பெற்றோருக்கு முதல் விருப்பமே கிடைத்தது என்று! மறைத்து எழுதிய விருப்பங்களையும் சேர்த்து எண்ணிய கணக்கு அது.

இந்தச் சூதாட்டத்தில் யார் வெல்வார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சென்ற ஆண்டு எந்தப் பள்ளிக்கூடம் எத்தனை பேரைத் திருப்பியது என்ற செய்தி யாருக்குக் கிடைக்குமோ, வாயிலில் நின்று மற்ற தாய்மாருடன் ஆங்கிலத்தில் உரையாட யாருக்கு முடியுமோ அவர்களே வென்றார்கள். இரவுப் பணி முடிந்து வந்து, பிள்ளையையே மொழிபெயர்க்க வைத்துப் படிவத்தை நிரப்பிய நம்மவர்கள் உண்மையை எழுதித் தோற்றார்கள். சில பள்ளிக்கூடங்கள் பெற்றோரை நேர்காணலுக்கும் அழைத்தன, அந்த அறையில் யார் நாவு தடுமாறியிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நேர்காணலை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது.

இதே சூது அட்லாண்டிக்கின் அக்கரையில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் முதல் விருப்பத்தை வைத்தே இடங்கள் நிரப்பப்பட்டன. பெற்றோர் குழு ஒன்று தன் உறுப்பினர்களுக்கு வெளிப்படையாகவே உத்தி சொல்லிக்கொடுத்தது. 2003இல் துருக்கியில் பிறந்த இரு பொருளியலாளர்கள், அதிலா அப்துல்காதிரோலுவும் தைஃபுன் சென்மெஸும், ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். பாஸ்டனின் முறை பெற்றோரைத் தம் விருப்பத்தைத் திரித்து எழுதத் தூண்டுகிறது என்பதையும், அப்படித் தூண்டாத முறைகள் உண்டு என்பதையும் அதில் நிறுவிக் காட்டினர்.

அவர்கள் சுட்டிய முறைகளில் ஒன்று புதியதன்று. 1962லேயே டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் ஒரே கணக்காக வைத்து எழுதிய சிறு கட்டுரையில் அது இருந்தது. திருமணப் பேச்சை வைத்தே அதைச் சொல்லிவிடலாம். ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் பிடித்த இடத்தில் முதலில் பெண் கேட்கிறார்கள். பெண் வீட்டார் உடனே ‘சம்மதம்’ என்று சொல்லிவிடுவதில்லை, வந்தவற்றுள் நல்லதைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுகிறார்கள். மறுக்கப்பட்டவர் தம் பட்டியலில் அடுத்த வீட்டுக்குப் போகிறார். அங்கே முன்பே ஒருவர் காத்திருந்தாலும், பின்னால் வந்தவர் மேலானவர் என்றால் முன்னவரை விட்டுவிட்டு இவரை வைத்துக்கொள்வார்கள். மறுக்கப்படுவோர் இனி இல்லை என்றாகும் வரை எந்தச் சம்மதமும் இறுதியன்று. ஆகையால் முதலில் பெரிய இடத்தில் கேட்டுப் பார்த்தவருக்கு அடுத்த வீட்டில் தாமதத்துக்கான தண்டனை இல்லை. உண்மையாகப் பிடித்த வரிசையிலேயே கேட்டுக்கொண்டு போவதுதான் அவருக்கு எப்போதும் நல்லது.

நியூயார்க் நகரம் தன் உயர்நிலைப் பள்ளிக்கூடங்களுக்கு 2003இல் இம்முறையைத் தழுவியது. முன்பு ஏறத்தாழ 30,000 மாணவர்கள் தம் பட்டியலில் எழுதாத பள்ளிக்கூடத்துக்கே அனுப்பப்பட்டுவந்தனர், புதிய முறையின் முதல் ஆண்டில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 3,000 ஆகக் குறைந்தது. 2005இல் பாஸ்டனும் மாறியது. அதைப் பரிந்துரைத்த கல்விக் கண்காணிப்பாளர் தாமஸ் பேசன்ட் காட்டிய காரணம் எனக்குப் பிடித்தமானது. உத்தி அறியாத பெற்றோர் உத்தி அறிந்தவரிடம் தோற்கும் நிலையை இது நீக்கும் என்றார் அவர். இத்துறையில் உழைத்த ஆல்வின் ராத்தும் ஷேப்லியும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். கேல் 2008லேயே காலமாகிவிட்டார்.

இங்கிலாந்து இந்த மாற்றத்தைக் கணித அறிஞர்களின் வழியாக அன்றி, அலுவலர்களின் வழியாகக் கண்டது. லண்டனில் 33 உள்ளாட்சிப் பகுதிகள். முன்பெல்லாம் ஒருவர் பல மன்றங்களுக்குத் தனித்தனியே விண்ணப்பித்து, மூன்று நான்கு இடங்களைக் கையில் வைத்துக்கொண்டு கோடைவரை முடிவு சொல்லாமல் இருப்பார். இன்னொருவர் கையில் ஒன்றுமே இருக்காது. 2005ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து லண்டன் முழுவதற்கும் ஒரே ஒருங்கிணைந்த முறை வந்தது. ஒரே படிவம், ஆறு விருப்பங்கள், ஒரே நாளில் ஒரே ஓர் இடம். 2007இல் அரசு வெளியிட்ட புதிய சேர்க்கை விதித்தொகுப்பு, முதல் விருப்பத்துக்கே முதலிடம் தரும் முறையை இங்கிலாந்து முழுவதும் தடைசெய்தது. 2008ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் அது நடைமுறைக்கு வந்தது. தன்னையே உறுதியாக விரும்பும் குடும்பங்களை இனி எப்படி அடையாளம் காண்பது என்று சில பள்ளிக்கூடங்கள் முணுமுணுத்தன. அவை இழந்தது பெற்றோரின் அச்சத்தை மட்டுமே என்பது என் எண்ணம்.

இன்று நடப்பது இதுதான். நீங்கள் எழுதிய ஆறு பள்ளிக்கூடங்களுக்கும் உங்கள் பிள்ளையின் பெயர் போகும். எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பது போகாது. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன் அளவுகோல்படி எல்லா விண்ணப்பங்களையும் வரிசைப்படுத்தும். அரசின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளுக்கே எங்கும் முதலிடம். அடுத்துப் பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் உடன்பிறந்தோர், பிறகு வீட்டிலிருந்து உள்ள தொலைவு. மதச் சார்புள்ளவை மதத்தையும் கேட்கும், அதற்கெனத் துணைப் படிவம் தனியே உண்டு, அதை நிரப்பாமல் விட்டு இழந்தவர்களை நான் அறிவேன். பிறகு மன்றத்தின் கணினி உங்கள் பட்டியலை எடுத்து, உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்கும் பள்ளிக்கூடங்களுள் நீங்கள் எதை மேலே எழுதினீர்களோ அதைக் கொடுத்து, மற்றவற்றை வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைகளுக்கு விட்டுவிடும். மர்யம் இன்று விண்ணப்பித்தால், மேடைத்தெரு கிடைக்காவிட்டாலும் கீழத்தெருவில் அவள் தொலைவு அவளுக்குத் துணை நிற்கும்.

ஒரே பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதி மற்ற கட்டங்களை வெறுமையாக விட்டால் மன்றம் இரங்கி அதையே கொடுக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. அது நடப்பதில்லை. அந்த ஒன்று கிடைக்காவிட்டால், எல்லோருக்கும் கொடுத்து எஞ்சிய இடம்தான் வரும். கட்டங்கள் ஆறே என்பதால், கிடைக்கும் வாய்ப்பு மிகுந்த ஒன்றையும் பட்டியலில் சேர்ப்பது அறிவுடைமை. ஆனால் அதற்குரிய இடம் பட்டியலின் கீழே.

சம விருப்ப முறை புதிய இருக்கை ஒன்றைக்கூட உண்டாக்கிவிடவில்லை. சூது படிவத்தை விட்டு வெளியேறி வீட்டு விலாசத்துக்குள் புகுந்துகொண்டது. தொலைவே அளவுகோல் என்றான பின் நல்ல பள்ளிக்கூடத்தைச் சுற்றி வீட்டு விலை ஏறியது. வசதி படைத்தவர் வீட்டை வாங்கினார், வசதி இல்லாதவர் சிலர் உறவினர் விலாசத்தை எழுதினர். தமிழர் பெருவாரியாக வாழும் ஹாரோவில் 2009இல் ஒரு தாய்மீது, பொய் விலாசம் கொடுத்ததாக மோசடிச் சட்டத்தின் கீழேயே மன்றம் வழக்குத் தொடுத்தது. சட்டம் இதற்குப் பொருந்துமா என்ற ஐயத்தால் சில மாதங்களில் வழக்கைக் கைவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, தெற்குக் கடற்கரையின் பூல் நகரில் ஒரு குடும்பத்தை மன்றத்தின் ஆட்கள் மூன்று வாரங்கள் ஒளிந்திருந்து பின்தொடர்ந்தனர். பெருங்குற்றங்களைத் துப்பறிய வந்த சட்டத்தை இதற்குப் பயன்படுத்தினர். அக்குடும்பம் விதிப்படியே விண்ணப்பித்திருந்தது. அந்த வேவு சட்டவிரோதம் என்று 2010இல் தீர்ப்பாயம் கூறியது.

நம்மவர்களிலும் மாமியின் வீட்டு விலாசத்தை எழுதியவர்கள் உண்டு. ‘பிள்ளை படிப்புக்காகத்தானே’ என்பார்கள். அந்த ஓர் இடம், உண்மை விலாசத்தை எழுதிய வேறொரு வீட்டுப் பிள்ளையிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதை அவர்களிடம் சொன்னால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். நோன்பு வைத்துக்கொண்டு கையொப்பமிட்ட படிவமாகவும் அது இருக்கலாம்.

பிரைட்டன் நகரம் 2007இல் வேறு வழியைத் தேடியது. சேர்க்கை எல்லைகளை வகுத்து, ஓர் எல்லைக்குள்ளும் இடம் போதாதபோது தொலைவைப் பாராமல் குலுக்கல் போடுவது என்று முடிவெடுத்தது. பிள்ளையின் வாழ்க்கையைச் சீட்டுக் குலுக்கியா தீர்மானிப்பது என்று பெற்றோர் கொதித்தனர். உரிமையில் சமமானவர்களிடையே ‘குர்ஆ’ போட்டுத் தீர்ப்பது நம் மார்க்கச் சட்ட அறிஞர்களுக்கு அன்னியமான வழியன்று என்பதால் எனக்கு அதில் வியப்பு தோன்றவில்லை. வீட்டு விலையால் தோற்பதைவிடச் சீட்டால் தோற்பது மேல் என்று கருதுவோரும் உண்டு.

மத அளவுகோலுக்கும் எல்லைகள் வந்தன. 2009இல் லண்டனின் யூதப் பள்ளிக்கூடமான ஜே.எஃப்.எஸ். வழக்கில், தாய்வழிப் பிறப்பை வைத்துப் பிள்ளையை ஏற்பதும் மறுப்பதும் இனப் பாகுபாடாகும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறப்பைக் கேட்கலாகாது, வழிபாட்டு ஒழுக்கத்தைக் கேட்கலாம் என்றாயிற்று. 2010க்குப் பின் புதிதாகத் தொடங்கப்பட்ட மதச் சார்புள்ள சுதந்திரப் பள்ளிக்கூடங்கள், விண்ணப்பங்கள் மிகுந்தால் பாதி இடங்களை மதம் பாராமல் நிரப்ப வேண்டும் என்ற விதியும் வந்தது.

இவ்வளவையும் காலணி அடுக்கின் அருகே நின்று சொல்ல முடியுமா? பாதியைத்தான் சொன்னேன். காயல் சகோதரர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் கைப்பேசியை எடுத்துப் படிவத்தைத் திறந்து காட்டினார். முதல் கட்டத்தில் வீட்டருகே இருக்கும் பள்ளிக்கூடம், மூன்றாவதில் மகள் ஆசைப்பட்டது. “மாத்தவா?” என்றார். அக்டோபர் 31 நள்ளிரவு வரை மாற்றலாம் என்றேன். அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று, விரலால் தேடித் தேடி மாற்றினார். அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் ஒரு கணம் நிறுத்தி, “மச்சான்கிட்ட சொல்ல வேணாம்” என்றார்.

மார்ச் 1 அன்று இரவு அவரிடமிருந்து செய்தி வந்தது. மகளுக்கு முதலாவது கிடைக்கவில்லை. வீட்டருகே உள்ள பள்ளிக்கூடம், இப்போது இரண்டாவதாக எழுதியது, கிடைத்திருந்தது. முதலாவதன் காத்திருப்புப் பட்டியலில் அவள் பெயர் பதினொன்றாவது.